யூசுப் பாயின் நோட்டும் சிகாகோவில் ஒரு ராத்திரியும்

அன்றைக்கு டீக்கடை மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நாலே பேர். நான், என் மனைவி ராஜம், லுங்கிக் கடை யூசுப் பாய், எங்கள் எதிர்வீட்டுப் பர்மாக்காரன், அரைகுறைத் தமிழ் தெரிந்த கோ டுன் லின். வேறு யாரும் கிடையாது. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. யூசுப் பாய் அந்த நூறு டாலர் நோட்டை மேசையில் வைத்தபோது என்ன சொல்லி வைத்தார் என்பதற்கு இவர்கள்தான் சாட்சி.

"மாரி, இதை அங்க கொண்டுபோய்ச் செலவு பண்ணிட்டு வா. நல்லாச் சாப்பிடு. ராத்திரியில பாட்டுப் போடுற இடத்துல உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேளு. திருப்பிக் கொண்டு வராதே."

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ரங்கூனில் பபேடான் பக்கம் ஒரு தெருமுனையில் தோசைக் கடை வைத்திருக்கிறேன். பயப்படுவது என்றால் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மாவு பொங்காவிட்டால் பயம், அதிகம் பொங்கினால் அதைவிடப் பயம். அப்படிப்பட்டவன் சிகாகோவுக்குப் போக வேண்டி வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே குடியேறிய என் தங்கை செல்விக்கு நாற்பது வயதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி வேண்டுமே. "நீ வந்து உட்காராம என் பொண்ணு காதுல ஊசி படாது, அண்ணே" என்று போனில் அழுதாள். அப்போதெல்லாம் விசா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

யூசுப் பாய் கடை போடுவதற்கு முன்னால் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு தடவை அவர் கப்பல் சிகாகோ ஏரித் துறையில் மூன்று நாள் கட்டிக் கிடந்தது. சிப்பந்திகளுக்கு இறங்க அனுமதி இல்லை. மூன்று ராத்திரியும் தளத்தில் நின்று தூரத்து விளக்குகளைப் பார்த்திருக்கிறார். துறை வாசலுக்கு வெளியே ஒரு சின்னக் கடை. அங்கே யாரோ வெங்காயம் வதக்கினார்களாம், யாரோ பாட்டுப் போட்டார்களாம். "ஒலகத்துல எத்தனையோ வெங்காயம் வதக்கியிருக்கேன். அந்த மாதிரி வாசனை என் கையில வரவே இல்ல. எதுக்குப் போடுறான்னு பாத்துட்டு வா" என்றார். கப்பல் அங்கிருந்து கிளம்பிய நாளில், பிரியாணி நன்றாக இருந்ததென்று கேப்டன் கொடுத்த நோட்டுதான் இந்த நூறு டாலர்.

அதை இடுப்புப் பையில் மடித்து வைத்ததுதான் அவர் செய்த தப்பு. எங்கள் ஊரில் டாலர் நோட்டைப் பெண் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஒரு மடிப்பு, ஒரு பேனாப் புள்ளி இருந்தால் போச்சு. நோட்டு மாற்றுகிறவன் இரண்டு விரலால் தள்ளிவிடுவான். இந்த நோட்டோ பழைய மாடல், நடுவில் மடிப்பு தேய்ந்து வெளுத்திருந்தது, ஓரத்தில் ஊதா நிறத்தில் எந்த ஊர்க்காரனோ குத்திய முத்திரை வேறு. இருபது வருஷமாக ரங்கூனில் ஒருவனும் தொடவில்லை.

கிளம்பும்போது கோ டுன் லின் என்னைத் தனியே இழுத்துப்போய்ப் பர்மிய மொழியில் சொன்னான்: "கோ மாரி, அண்ணே, கிழவன் பேச்சைக் கேட்காதே. அவன் இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குச் சில்லறை சேர்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே பாங்கில் புது நோட்டாக மாற்றிக் கொண்டு வா. இங்கே உடனே கைக்குக் காசு வரும்."

இதைக் கேட்ட பிறகு விமானத்தில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

போய் இறங்கிய மறுநாள் செல்வி என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். ஏரி என்றார்கள், எதிர்க்கரையே தெரியவில்லை. அலை அடிக்கிறது, ஆனால் காற்றில் உப்பு வாசனை இல்லை. ரங்கூனில் போட்டாதாங் படித்துறையில் நின்றால் சேறும் டீசலும் கருவாடும் கலந்து ஒரு வாசனை அடிக்குமே, அதுகூட இல்லை. கழுவித் துடைத்து வைத்த கடல்.

குளிர் பல்லைத் தட்டியது. காபி வாங்கப் போனேன். நான் கொண்டுபோன டாலர்களை ராஜம் இரண்டு காலண்டர் அட்டைக்கு நடுவே வைத்து, மேலே ரப்பர் பாண்டு போட்டுக் கொடுத்திருந்தாள். அட்டையைத் திறந்து, சலவைச் சட்டை மாதிரி விறைப்பாக இருந்த இருபது டாலரை எடுத்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மரியாதையாக நீட்டினேன். காபிக்காரன் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இவ்வளவு புதிதாக இருக்கிறதே என்று அவனுக்குச் சந்தேகம். பிறகு மீதியைக் கொடுத்தான். கைக்குட்டை மாதிரி துவண்டுபோன நோட்டுகள். ஒன்றில் யாரோ கணக்குப் போட்டிருந்தான்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "நோ, நோ. நியூ, ப்ளீஸ்" என்று திருப்பித் தள்ளினேன்.

அவன் என்னவோ சொன்னான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வி ஓடிவந்து பணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னடி சொல்றான் அவன்?"

"'நானும் பழசுதான், என் கையால காபி மட்டும் குடிப்பியா'ன்னு கேக்கறான். வாண்ணே. இங்க மடிச்ச நோட்டும் நோட்டுதான்."

மடித்த நோட்டும் நோட்டுதான். அதைக் கேட்டதும் பையில் இருந்த யூசுப் பாயின் நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

காது குத்து அடுத்த நாள். இந்தியக் கடைத்தெருவில் ஒரு நகைக் கடை. ஆசாரி இல்லை, ஊசி இல்லை. கையுறை போட்ட ஒரு பெண் துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்து வந்தாள். குழந்தை என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. டக், டக். குழந்தை அழுவதற்கு முன்னால் நான் அழுதேன். செல்வியின் கணவர் சேகர் அதையும் போனில் படம் எடுத்தார்.

பிறகு பக்கத்து ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். முழ நீளத்துக்கு வந்தது. அந்த விலைக்கு என் கடையில் ஒரு தெருவே சாப்பிடலாம். கல் சூடு போதவில்லை, மாவில் புளிப்பு இல்லை. நான் சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். "உன் தோசை மாதிரி இல்லண்ணே" என்று செல்வியே சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகச் சொல்ல ஆள் இல்லாமல் வைத்திருந்ததுபோல் சொன்னாள்.

நோட்டு விஷயத்தை அங்கேதான் அவளிடம் எடுத்தேன். அவளும் கோ டுன் லின் கட்சி. "கண்ணை விடப் பாட்டு பெருசா? நாளைக்கு நாலு மணிக்கு என் வேலை முடியும். டவுன்ல ஸ்டேஷன்லயே நிக்கிறேன், ரயில்ல வந்துடு. என் பாங்குல புது நோட்டு வாங்கித் தரேன்." ஊரின் நடுவே ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் அவளுக்கு வேலை. இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயரை, எனக்குச் சரளமாகப் படிக்க வரும் பர்மிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷன் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். தெருவுக்கு மேலே இரும்புத் தூண்கள், அதற்கு மேலே தண்டவாளம். ரங்கூனைச் சுற்றி வரும் எங்கள் வட்ட ரயிலில் வெற்றிலைக்காரி வருவாள், வேகவைத்த காடை முட்டை வரும், கீரைக் கட்டுகளுக்கு மேல் யாராவது கால் நீட்டித் தூங்குவார்கள். இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லார் காதிலும் ஏதோ செருகியிருந்தது.

நவம்பர் மாதம். நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. ரயில் ஆற்றைத் தாண்டி உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே நுழைந்தது. அப்போதுதான் அந்த ஜன்னல்களைப் பார்த்தேன். ரயிலும் மாடி ஜன்னல்களும் ஒரே உயரம். கை நீட்டினால் எட்டும்போல ஒரு சாப்பாட்டுக் கூடம். ஒரு கிழவர் முள்கரண்டியில் எதையோ குத்தி மனைவி வாயருகே நீட்டுகிறார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வாயைத் திறக்கிறாள். அடுத்த ஜன்னலில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் காதணி மாட்டுகிறாள். அதற்கடுத்ததில் இரண்டு பேர் பெரிய வயலின் ஒன்றைப் படியில் தூக்கிப்போகிறார்கள். ஊரே ராத்திரிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

யூசுப் பாய்க்கு இந்த ஜன்னலெல்லாம் கப்பலில் இருந்து வெறும் புள்ளிகளாகத் தெரிந்திருக்கும். மூன்று ராத்திரி அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஸ்டேஷனை எப்போது விட்டேன் என்று தெரியாது. சீட்டைப் பார்த்தேன், சுவரில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், பொருந்தவில்லை. வேறு நேரமாக இருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் ரயில் வளைந்து வளைந்து ஊரைச் சுற்றுவது எனக்குத் தெரிந்தது. ரங்கூனில் பிறந்தவனுக்கு இதில் என்ன பயம்? இன்சீனில் இறங்காமல் தூங்கிவிட்டால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், வண்டியே திருப்பிக் கொண்டுவந்து இன்சீனில் விடும். அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் இருந்த காலத்தில் நானும் செல்வியும் வேண்டுமென்றே அப்படிச் சுற்றியிருக்கிறோம். அவள் என் மடியில் தலைவைத்துத் தூங்குவாள். நான் ஸ்டேஷன்களை எண்ணுவேன்.

ஆகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வட்டத்தை விட்டு ஆற்றைத் தாண்டி வந்த வழியே ஓட ஆரம்பித்தது. கட்டடங்கள் குட்டையாகிக்கொண்டே போயின. கடைசியில் எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கிப் பார்த்தால், ஏறிய அதே ஸ்டேஷன். வீட்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

செல்வி வந்தபோது மணி ஆறரை. மூக்கு சிவந்திருந்தது. குளிரினால் என்று நினைத்தேன்.

"எங்கண்ணே போனே? ஒவ்வொரு வண்டியா ஏறி எறங்கிப் பாக்குறேன். போலீசுக்குச் சொல்லலாமான்னு நிக்கிறேன். பிளாட்பாரத்துல நின்னு அழுதேன் நான்!"

"ஸ்டேஷனை விட்டுட்டேன். வண்டி சுத்தி வரும்னு உட்கார்ந்திருந்தேன்."

"சுத்தி வருமா? இது என்ன இன்சீன் வண்டியா?"

"வந்துடுச்சே, செல்வி."

அவள் என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "நாம சின்னதுல சுத்துவோமே" என்றாள். பாங்க் மூடியிருந்தது. மறுநாள் சனிக்கிழமை. அதற்கு மறுநாள் எனக்குப் பயணம்.

"சனிக்கிழமை காலையிலயும் பாங்க் உண்டு. மாத்திடலாம்" என்றாள்.

"வேண்டாம். நாளைக்கு ராத்திரி நீயும் நானும் வெளியே போறோம். யூசுப் பாய் என்ன சொன்னாரோ அதுதான்."

"அண்ணே, அவர் கண்ணு?"

"கண்ணுக்கு நான் வேற வழி பாக்கறேன்." எந்த வழி என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன். மனுஷன் பாதிப் பார்வையோடு உட்கார்ந்திருக்கிறான், அவன் காசில் நான் பாட்டுக் கேட்கப் போகிறேன். செய்வது சரியா தப்பா? ஆனால் அவர் கொடுத்தது நம்பி. நம்பிக் கொடுத்ததை நம் புத்தியைப் போட்டு மாற்றுவதற்கு நாம் யார்?

சனிக்கிழமை சாயங்காலம் சேகரிடம் குழந்தையை விட்டுவிட்டு இருவரும் கிளம்பினோம். செல்வி ரங்கூனிலிருந்து கொண்டுபோன பட்டுத் துணியைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். "பன்னெண்டு வருஷத்துல ஒரு ராத்திரிகூட நான் சும்மா டவுனுக்கு வந்ததில்ல. வேலை, வீடு, வேலை, வீடு" என்றாள். அவளுக்கும் எல்லாம் புதிதுதான். நான்தான் அவளைக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊரில் பீட்சாவைக் குழிந்த சட்டியில் சுடுகிறார்கள். பணியாரத்துக்கு யானைக்கால் வந்ததுபோல் இருக்கும். ஓட்டலில் கூட்டம். பரிமாறும் பெண்ணைக் கூப்பிட வேண்டும். எங்கள் டீக்கடைகளில் உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் சத்தம் எழுப்பினால்தான் ஆள் வரும். யோசிக்காமல் அப்படியே செய்தேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் நாய்க்குட்டி ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். செல்வி உணவுப் பட்டியலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பன்றிக் கொத்துக்கறி போட்டதுதான் பேர்போனதாம். வேண்டாம் என்றேன். நான் சாப்பிடாதவன் அல்ல. ஆனால் இது யூசுப் பாயின் காசு. அவர் சாப்பிடாததை அவர் காசில் நான் எப்படிச் சாப்பிடுவது? கீரையும் சீஸும் போட்டது வாங்கினோம். குடிக்க எலுமிச்சை சோடா. பீர் கூடக் கிடையாது. வாயில் வைத்ததும் சூட்டில் கண்ணீர் வந்தது. சீஸ் நூல் நூலாக இழுத்தது. நன்றாக இருந்தது. இதை யூசுப் பாயிடம் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொரு வாயையும் மனதில் எழுதிக்கொண்டே தின்றேன்.

பில் வந்தது. நோட்டை எடுத்து வைத்தேன். கள்ள நோட்டு என்று பிடித்துவிட்டால்? பழைய மாடல் செல்லாது என்று சொல்லிவிட்டால்? அந்தப் பெண் நோட்டை விரித்தாள். இடுப்பிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். நோட்டின் மேல் கோடு கிழித்தாள்.

"அமலே!" என்று பர்மிய மொழியில் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன். "எழுதுறாடி! நோட்டுல எழுதுறா! போச்சு!"

"சும்மா இருண்ணே, அது நல்ல நோட்டான்னு பாக்குற பேனா" என்று செல்வி என் கையை அமுக்கினாள். அந்தப் பெண் கோட்டைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், நோட்டை மற்ற நோட்டுகளோடு போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான். இருபது வருஷமாக எங்கள் ஊரில் ஒருவனும் தொடாத நோட்டு. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அவளைக் கூப்பிட்டு அந்த நோட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது.

பாட்டுக் கூடம் இரண்டு தெரு தள்ளி. வாசலில் இருந்த தடியன் காசு வாங்கிக்கொண்டு புறங்கையில் முத்திரை குத்தினான். நோட்டில் முத்திரை விழுந்தால் செல்லாது என்கிற ஊரிலிருந்து வந்தவனை, முத்திரை விழுந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். உள்ளே இருட்டு, நெருக்கம். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு கறுப்பினப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினாள். கிதார் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஜனங்களும் நடுநடுவே பதில் சொன்னார்கள். ரங்கூனில் விடிய விடிய நடக்கும் நாடகக் கொட்டகையில் கோமாளிக்குக் கூட்டம் எதிர்ப்பேச்சுப் பேசுமே, அந்த மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் என் பயம் கொஞ்சம் இறங்கியது.

"என்ன பாடுறா?"

செல்வி என் காதில் சொன்னாள்: "கூரை ஒழுகுது, அடுப்பு அணைஞ்சுபோச்சு, ஆனா உன் தொப்பி இன்னும் ஆணியில தொங்குதுன்னு பாடுறா."

அப்பாவின் தொப்பி இன்சீன் வீட்டில் கதவுக்குப் பின்னால் ரொம்ப நாள் தொங்கியது. அவர் இறந்த வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

வெளியே வந்தபோது பதினொரு மணி. காற்று வெட்டியது. தெருத் திரும்பினோம், அந்த வாசனை வந்தது. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானும் வெங்காயம் வதக்கிப் பிழைக்கிறவன். தெருவோரம் ஒரு சின்னக் கடை. இரும்புக் கல்லில் மலைபோல் வெங்காயம், பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே அப்படியே நிறுத்தி வைத்திருந்தான். அவ்வளவு நேரம் வதக்க எங்கள் ஊரில் அடுப்புக்கரி கட்டாது. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இது எதுக்குன்னு கேளு" என்றேன்.

செல்வி கேட்டாள். கடைக்காரன் கல்லின் மறு ஓரத்தைக் காட்டினான். வரிசையாகப் பன்றிக்கறி சாசேஜ். அதிலிருந்து உருகி வழியும் கொழுப்பில்தான் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "இதைப் போய் அவர்கிட்ட சொல்லுவியா?" என்றாள் செல்வி. ஒன்றும் வாங்காமல் கொஞ்ச நேரம் நின்று வாசனை மட்டும் பிடித்தோம். கடைக்காரன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான்.

ரங்கூனில் வந்து இறங்கிய மறுநாள் காலை. அதே டீக்கடை, அதே நாலு பேர். கரண்ட் இல்லை. போனில் படங்களைக் காட்டப் போனேன். யூசுப் பாய் கையால் தடுத்தார். "படம் எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

சொன்னேன். ஜன்னலில் பார்த்த கிழவர், கிழவி, பேனா போட்ட பெண், கைமுத்திரை, தொப்பிப் பாட்டு, ஒன்று விடாமல். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சீஸ் எவ்வளவு நீளம் இழுத்தது என்று கேட்டு, கையை விரித்துக் காட்டச் சொல்லி, அந்த இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கோ டுன் லின் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கண்ணைத் தின்றுவிட்டு வந்திருக்கிறான்" என்று முணுமுணுத்தான்.

"நீ சும்மா இரு" என்றார் யூசுப் பாய். "மாரி, வெங்காயம்?"

நான் ராஜத்தைப் பார்த்தேன். அவள் டீயைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"பன்றிக் கொழுப்புல வதக்குறான், பாய்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எழுந்துவிட்டேன். சிரித்தார். இருமி இருமிச் சிரித்தார், மேசையைத் தட்டிச் சிரித்தார், தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இருபது வருஷமா எறங்க விடலையேன்னு அவனுங்களைத் திட்டுனேன்! அல்லா காப்பாத்தியிருக்கான்டா! அதான் என் கையில அந்த வாசனை வரல!" கோ டுன் லினுக்கு நான் பர்மிய மொழியில் விஷயத்தைச் சொன்னேன். அவனும் சிரித்துவிட்டான்.

கண் ஆபரேஷன் அடுத்த வருஷம் நடந்தது. என் கடை, கோ டுன் லின், பள்ளிவாசல் ஆட்கள், தெருவில் எல்லாருமாகச் சேர்ந்து முடித்தோம். கட்டு அவிழ்த்த வாரம் யூசுப் பாய் என் போனை வாங்கி, சிகாகோ படங்களை ஒரு மணி நேரம் பார்த்தார்.

அந்த நூறில் செலவானது எண்பத்தாறு டாலர். மீதி நோட்டுகளை, டீக்கடையில் கதை சொன்ன அன்றைக்கே மேசையில் வைத்தேன். ஒரு பத்து, நாலு ஒன்று. எல்லாம் துவண்டவை. பத்தின் மேல் யாரோ பூ வரைந்திருந்தார்கள். ரங்கூனில் எவனும் தொடமாட்டான். யூசுப் பாயும் தொடவில்லை. "அங்க செலவு பண்ணத்தானே கொடுத்தேன்? யபாதே, பரவாயில்ல. போய் முடிச்சுட்டு வா" என்றார். இப்போது விசா கிடையாது. நோட்டுகள் ராஜத்தின் காலண்டர் அட்டைகளுக்கு நடுவே இருக்கின்றன. அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி பதினாலு டாலர்.